தலையணையின் உயரம்
(கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை, பௌதிகம் படித்தவன். ஆகவே மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை, அளவு மட்டும் சொல்கிறேன்.

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைப் பகலெல்லாம் சுமப்பவை கழுத்தின் 7 எலும்புகள். பக்கவாட்டில் பார்த்தால் அவை முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்குகள் பகலில் பாரத்தால் நீரை இழந்து அமுங்குகின்றன; படுத்தபின் நீரை உறிஞ்சி மீள்கின்றன. ராத்திரியைவிடக் காலையில் நாம் சுமார் 1 செ.மீ. உயரமாக இருப்பது இதனால்தான். அந்த நேரத்தில் இரண்டு தலையணையை அடுக்கி, முகவாய் மார்பில் இடிக்கும்படி படுத்தால் கழுத்துக்கு ஓய்வு ஏது?

அதற்காகத் "தலையணையே கூடாது" என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கூன் விழுந்த பெரியவர் தலையணையை எடுத்துவிட்டால் தலை பின்னுக்குத் தொங்கிக் கழுத்து மடங்கும். அவருக்கு உயரம் அவசியம். அவருடைய பேரனுக்கு மெல்லியது போதும்.

பார்க்கும் விதம் சுலபம். மல்லாந்து படுத்துக்கொண்டு, ஆத்தில் யாரையாவது பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நெற்றியும் முகவாயும் ஒரே மட்டத்தில் இருந்தால் சரி. முகவாய் மார்பை நோக்கினால் உயரம் அதிகம். மேலே தூக்கினால் குறைவு. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தோள் விளிம்புக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்தால் இடுப்பும் முறுக்கிக்கொள்ளாது. குப்புறப் படுத்தால் மூச்சுக்காகக் கழுத்தை மணிக்கணக்கில் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கத்தை விடுவது நல்லது.

விலையுயர்ந்த ஃபோம் தலையணை தேவையில்லை. இலவம் பஞ்சுத் தலையணையானால் தையலைப் பிரித்துப் பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம். மாமிகளுக்குத் தெரிந்த வேலைதான், மாமாக்களும் கற்றுக்கொள்ளலாம்!

இதய பலவீனம், நெஞ்செரிச்சல் காரணமாக உயர்த்திப் படுக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தால் அதை மாற்றாதீர்கள். தலையை மட்டும் தூக்காமல், இடுப்பிலிருந்தே சரிவாக உயரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கை மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம் இவற்றை "வயசாச்சு" என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதாலும் இவை வரலாம். அப்போது தலையணையை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாமல், உடனே எலும்பு அல்லது நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.