சாமிக்கு வக்கீல் உண்டு! ஏழைக்கு?

(ஸ்ரீரங்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நாம் இன்று கடவுளைப் பற்றிப் பேசுவோமென்று எண்ணி வந்தவர்கள் சற்று ஏமாறக் கூடும். நாம் பேச வந்தது கோர்ட்டைப் பற்றி. ஆனால் ஊர் ஸ்ரீரங்கமானபடியால், எதைப் பேசினாலும் ரங்கநாதரைத் தாண்டிப் போக முடிகிறதில்லை.

சட்டத்தின் முன் சாமியும் ஒரு ஆசாமி. இது நாம் செய்யும் பரிகாசமல்ல. விக்கிரகத்துக்குச் சொத்து இருக்கலாம், அது வழக்குப் போடலாம், அதன் மீதும் வழக்குப் போடலாம் என்கின்ற கருத்தில் 1925-ல் லண்டன் பிரிவி கவுன்சிலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சாமியை மைனரைப்போல் பாவித்து, அதன் சொத்தைக் கோர்ட்டுதான் காப்பாற்ற வேண்டுமென்றும் பல தீர்ப்புகள் உண்டு. உலகத்தை ரட்சிக்கிறவருக்குக் கார்டியன் வேண்டியிருக்கிறது! அது போகட்டும். வாய் திறவாத அந்த மைனருக்காக வக்கீல் எழுந்து நின்று பேசுகிறார். ஆனால், வாயும் வயிறும் உள்ள மனிதன், பங்காளி நிலத்தைப் பிடுங்கிக் கொண்டானென்றோ, முதலாளி கூலி கொடுக்கவில்லையென்றோ கோர்ட்டு வாசலுக்குப் போனால், "பணம் கொண்டு வந்தாயா?" என்பதுதான் முதல் கேள்வி.

முன்னே ஏழைக்கு இருந்த வழியைக் கேளுங்கள். 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் 'பாப்பர்' வழக்கு என்று ஒன்று. பாப்பர் என்றால் ஒன்றுமில்லாத பரம ஏழை. கோர்ட்டுக் கட்டணம் கட்ட முடியாதவன் தன் சொத்துக்கெல்லாம் ஜாபிதா எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டும் அளவுக்குத் தன்னிடம் வசதியில்லை என்று ருசுப்படுத்த வேண்டும். எதிரிக்கும் நோட்டீசு போகும். அவன் வந்து, "இவன் வீட்டில் பித்தளை அண்டா இருக்கிறது" என்று ஆட்சேபிக்கலாம். இவ்வளவு மானக்கேட்டுக்குப் பிறகு கிடைப்பது, கட்டணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டாமென்பது மாத்திரமே. வக்கீலைத் தேடுவது அவன் பாடு. 'பாப்பர்' என்கின்ற அந்த வார்த்தையைச் சட்டத்திலிருந்து எடுக்கவே 1976 ஆயிற்று. அதே வருஷத்தில்தான், பணமில்லாமையால் எவனுக்கும் நியாயம் மறுக்கப்படக் கூடாது, சர்க்கார் இலவச சட்ட உதவி செய்ய வேண்டும் என்பதாக அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

சேர்த்து என்ன? 1979-ல் பீகார் ஜெயில்களிலிருந்து ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. உசைனாரா காத்தூன் வழக்கு என்பார்கள். விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர், குற்றவாளியென்று தண்டிக்கப்பட்டிருந்தால் கூட அதற்குள் தண்டனை முடிந்து வெளியே வந்திருப்பார்கள்! பேச ஆளில்லாததுதான் அவர்கள் செய்த குற்றம். ஏழைக் கைதிக்கு இலவச வக்கீல் தருவது தருமமல்ல, அவனது ஜீவாதார உரிமை என்று அந்த வழக்கில்தான் கோர்ட்டார் அழுத்தமாய்ச் சொன்னார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். எதிரே நிற்கும் ராஜகோபுரத்தைப் பாருங்கள். உயரம் 236 அடி; கட்டி முடித்துக் கும்பாபிஷேகம் செய்தது 1987-ல். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியதும் அதே 1987-ல்தான். கோபுரம் காவேரிக்கு அக்கரையிலிருந்தே தெரிகிறது. சட்டமோ அமுலுக்கு வரவே எட்டு வருஷமாகி, 1995 நவம்பர் 9-ந் தேதி வந்தது. கோபுரத்தைத் தெரியாத குழந்தை இந்த ஜில்லாவில் இல்லை. இந்தச் சட்டத்தைத் தெரிந்த பெரியவர் எத்தனை பேர்?

அந்தச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், காவலிலோ ஜெயிலிலோ இருப்பவர், ஜாதிக் கொடுமைக்கும் வெள்ளம், பூகம்பம் முதலியவற்றுக்கும் ஆளானோர் ஆகியவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. (குழந்தைகளும் ஜாபிதாவில் இருப்பதால், மைனர் என்கின்ற முறையில் ரங்கநாதரும் மனுப் போடலாம் போலிருக்கிறது!)

பெண்கள் என்று சொன்னோமே, அதை நம் தோழர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. 1967-ல் அண்ணா அவர்களின் மந்திரிசபை சட்டம் கொண்டு வந்து, முன்னே நடந்தவை உட்பட எல்லாம் செல்லும் என்று ஆக்கிற்று. சரி, சட்டம் வந்து விட்டது. ஆனால் புருஷன் செத்தவுடன், "அய்யர் வரவில்லை, அக்கினி வளர்க்கவில்லை, நீ பெண்சாதியே அல்ல" என்று கொழுந்தன் வீட்டைப் பூட்டினால், அந்தச் சட்டப் புத்தகம் தானே நடந்து வந்து பூட்டைத் திறக்குமா? வக்கீல் வேண்டாமா? அந்த அம்மாளுக்கு நகை நட்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு.

எங்கே போய்க் கேட்பது? காவேரிப் பாலத்தைத் தாண்டி, திருச்சி கன்டோன்மென்ட்டில் ஜில்லா கோர்ட்டு வளாகத்துக்குப் போய், 'மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு' எங்கே என்று கேளுங்கள். ஜில்லா ஜட்ஜுதான் அதற்குத் தலைவர். மனு தமிழில் இருக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அவர்கள் எழுதிக் கொள்ள வேண்டும். போக முடியாதவர்கள் 15100 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். வக்கீல் பீசு, கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு எல்லாம் சேர்ந்ததுதான் உதவி. இல்லை என்று தள்ளி விட்டால் மேலே அப்பீல் உண்டு. ஹைகோர்ட்டு அளவில், 2004 முதல் நம் ஜில்லாவுக்கு மதுரைக் கிளைதான். அங்கும் இதற்கென்று கமிட்டி இருக்கிறது.

வழியில் ஒரு ஆசாமி எதிர்ப்படுவான். கடவுளுக்கும் பக்தனுக்கும் நடுவில் பூசாரி நிற்பதைப் போல, சட்டத்துக்கும் கட்சிக்காரனுக்கும் நடுவில் தரகன் நிற்பான். "ஆயிரம் கொடு, இலவச வக்கீலை நான் பிடித்துத் தருகிறேன்" என்பான். இலவசத்துக்கு எதற்கப்பா ஆயிரம் என்று கேளுங்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். லோக் அதாலத்தில் சமாதானமாய்ப் போவது நல்லதுதான், கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பி வரும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. ஆகையால் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே சம்மதியுங்கள்.

"இனாம் வக்கீல் சரியாய் வாதாடுவாரா?" என்று ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. சர்க்கார் தரும் பீசு குறைவு. அக்கறையாய் நடத்துகிறவரும் உண்டு, வாய்தா வாங்கியே காலம் தள்ளுகிறவரும் உண்டு. உங்கள் வக்கீல் சரியில்லையென்றால், மாற்றிக் கொடுங்கள் என்று ஆணைக்குழுவுக்கே எழுதுங்கள். உங்களிடம் தனியாய்ப் பணம் கேட்டால் அதையும் எழுதுங்கள். பிச்சை வாங்குகிறவன்தான் கொடுத்ததை வாங்கிக் கொண்டு போக வேண்டும். நீங்கள் வரி கொடுக்கிறவர்கள்.

இன்னொரு தோழர், "1957-ல் அரசியல் சட்டத்தைக் கொளுத்திய நம்மவர்கள் எதிர் வழக்காடாமல் ஜெயிலுக்குப் போனார்களே, இப்போது வக்கீல் தேடச் சொல்கிறீர்களே?" என்கிறார். அவர்கள் தெரிந்தே, கொள்கைக்காக, வக்கீல் வேண்டாமென்று போனார்கள். வக்கீல் இல்லாததால் உள்ளே போகிறவன் கதை அதுவல்ல. அவன் எதற்காகப் போகிறான் என்பது அவனுக்கே தெரியாது.

மணி ஒன்பதாகிறது. பத்திரம், நோட்டீசு, ரேஷன் கார்டு முதலியவற்றோடு வந்திருப்பவர்கள் கூட்டம் கலைந்த பிறகு மேடைக்குப் பக்கத்தில் இருங்கள். எழுதத் தெரிந்த தோழர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இரவே மனுவை எழுதி முடித்து விடலாம்.