அறிவா? பரிவா?

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! (நல்லாக் குடிங்க, இனிமேதான் தேவைப்படும்.)

மருத்துவமனைக்குப் பெரிதும் வேண்டுவது அறிவே என்று பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வி போட்டார். "பிழைக்காது என்று தெரிந்த பச்சைக் குழந்தைக்கு, வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஒரு நர்ஸ் சொன்னால், அது கைகழுவுவது ஆகாதா?" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். குரல் நல்லா இருந்தது, அதுக்காக!

ஐயா, 1980-கள் வரைக்கும் உங்க அறிவு என்ன சொல்லிச்சு? பிறந்த குழந்தைக்கு வலி தெரியாதுன்னு சொல்லிச்சு! போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை செய்தார்கள். நம் நாட்டிலிருந்து ஆக்ஸ்போர்டு போன டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த், 1987-ல் ஆராய்ந்து, வலி உண்டு என்று காட்டினார். எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் காப்பி ஆறுவதற்குள் சொல்லியிருப்பாளே!

நர்சுகள் மனசு எப்படி என்று அறிய, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா கெயின் குழுவினர் 26 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கி, 2009-ல் வெளியிட்டார்கள். தடையாகத் தெரிந்தவற்றில் ஒன்று, கருவி இருக்கிறதே, போட்டுத்தான் ஆகணும் என்கிற நெருக்கடி.

என் வீட்டுக் கதை ஒன்று. தங்கை மகளுக்கு ஆறாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. மூன்றாம் நாள் டாக்டர்கள் கைவிரித்தார்கள். ஆனாலும் ரத்தம் எடுப்பது நிற்கவில்லை. இரவுப் பணியில் இருந்த சின்னப் பெண் வெளியே வந்தாள். "சார், இன்னிக்கு ஏழு தடவை குத்தியாச்சு. இனி எதுக்குன்னு கேட்க எனக்கு அதிகாரம் இல்லே. நீங்க கேளுங்க" என்றாள்.

எத்தனையோ மேடை ஏறிய எனக்கு நாக்கு எழவில்லை. எப்படியோ கேட்டேன். பெரிய டாக்டர் நல்ல மனிதர்; சம்மதித்தார். ஊசி நின்றது, வலி மருந்து தொடர்ந்தது. அந்தப் பெண் திரையை இழுத்துவிட்டு, அதுவரை தொட்டே பார்க்காத தாயின் மார்பில் குழந்தையைப் படுக்க வைத்தாள். "அக்கா, பேர் யோசிச்சிருக்கீங்களா?" என்றாள். காலை எட்டு மணிக்குப் பணி முடிந்தது. அவள் போகவில்லை. ஒன்பதரைக்குக் குழந்தை போயிற்று.

எதிரணித் தலைவரே! கைகழுவுவது என்றீர்களே... குழந்தையைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் கை கழுவினாள். கழுவி, ஈரம் துடைத்து, உள்ளங்கை சூடாகும்வரை தேய்த்துக்கிட்டுத்தான் தொட்டாள்.