இலவசம் இருக்கட்டும், மீட்டரும் இருக்கட்டும்



மின்துறையிலேயே என் பணிக்காலம் கழிந்தது. எனவே மின்சாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் தோட்டத்துப் பம்புசெட்டைப் பற்றி.

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் 1937-இலேயே மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. மாணவர்களாக இருந்தபோது எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். டர்பைன் இரைச்சலில் பேராசிரியர் சொன்னது ஒன்றுமே காதில் விழவில்லை. ஆனாலும் வேலை என்றால் இந்தத் துறையில்தான் என்று அன்றே முடிவு செய்தேன்.

மின்கட்டணத்துக்காக உயிர் கொடுத்த மண்ணும் இந்தத் தமிழ்நாடுதான். கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் போராடிய 1972-இல், பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் இலவச மின்சாரம் வந்தது. அதைப் பறிக்கச் சொல்பவன் அல்ல நான். ஆனால் பில் போனபோது கணக்கும் போய்விட்டது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள். பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. எவ்வளவு செலவாகிறது என்பது மதிப்பீடுதான். கம்பியில் வீணாவதும் திருட்டும் விவசாயி தலையில் எழுதப்பட்டால் யாருக்குத் தெரியும்? 2003 மின்சாரச் சட்டம் இரண்டே ஆண்டு கெடு வைத்து, மீட்டர் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்றது. 2010-இல் மின்வாரியத்தைப் பிரித்தோம், 2024-இல் மறுபடி பிரித்தோம். பம்புசெட்டுக்கு மீட்டர் வரவில்லை. மின்துறையின் கடனோ ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். அறுபது அடிக் கிணற்றிலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீர் எடுக்க, சுமாரான மோட்டாருக்கு எட்டில் ஒரு பங்கு யூனிட் போதும். ஆயிரம் அடி போர்வெல்லில் அதே தண்ணீருக்கு இரண்டு யூனிட். இராசிபுரம் பக்கம் மரவள்ளிக்குப் பாயும் தண்ணீர் எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று உங்கள் வீட்டிலேயே கேளுங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க மின்சாரம் கூடுகிறது. கூடுவது எவருடைய கண்ணிலும் படுவதில்லை.

மீட்டர் இல்லாத இந்த இலவசம் விவசாயிக்கும் சுகமில்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுராத்திரி டார்ச்சோடு வரப்பில் நடக்கிறார். வோல்டேஜ் இறங்கி காயில் எரிந்தால், ரீவைண்டிங் கடைக்காரருக்குக் கொடுப்பது அவர் கைக்காசு. அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் இலவசம் முழு இலவசமாக இல்லை.

மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. வராது என்று அரசு சட்டமாகவே எழுதித் தர வேண்டும்.

பட்டம் பெறும் உங்களில் சிலர் நாளை உதவிப் பொறியாளராக இந்தக் கிராமங்களுக்கே போவீர்கள். மீட்டரைப் பொருத்திவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். தோட்டத்துக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி ரீடிங்கைக் காட்டுங்கள். அவருடைய மோட்டார் எவ்வளவு தின்கிறது, ஏன் காயில் எரிகிறது என்று அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.