லேகிய டப்பாவை மறைக்காதீர்கள்



மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம்முடைய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போராடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதனால்தான் ஆபரேஷனுக்குப் போகும்போது நாம் சாப்பிடும் மூலிகைகளைப் பற்றி உரிமையோடு ஒரு எச்சரிக்கை சொல்கிறேன்.

வயிற்று ஆபரேஷனில் சில சமயம் குடலுக்குப் போகும் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் என்ற கவ்வியைப் போட்டு நிறுத்த வேண்டியிருக்கும். இளஞ்சிவப்பாக இருந்த குடல் மெல்லக் கறுத்துவரும். கிளாம்ப்பை எடுத்தால் நிறம் திரும்பும். பார்ப்பவர்களுக்கு உயிர் வந்தது போலிருக்கும். ஆனால் புதிய சேதம் அந்த நொடியில்தான் தொடங்குகிறது! திரும்பி வரும் ஆக்சிஜனைக் குடல் சுவரிலுள்ள சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி சூப்பராக்சைடாக மாற்றுகிறது. அது குடலுறிஞ்சிகளின் நுனியைச் சிதைக்கிறது. குடல் சுவர் என்ற அந்த வேலி உடைந்தால் குடலுக்குள் இருக்கும் கிருமிகள் ரத்தத்தில் புகும். 1981-லேயே கிரேஞ்சர், மெக்கார்ட் குழுவினர் பூனைகளின் குடலில் சூப்பராக்சைடின் பங்கைச் சோதித்துக் காட்டினார்கள்.

இங்கேதான் மூலிகை வருகிறது. மஞ்சளிலுள்ள குர்குமினை முன்கூட்டியே கொடுத்த எலிகளுக்குக் குடல் சேதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் எலிக்குக் கிடைத்தது அளந்து கொடுத்த சுத்தமான மருந்து. நாம் விழுங்கும் குர்குமினில் ரத்தத்தில் சேர்வதோ மிகச் சொற்பம். ஆபரேஷன் நோயாளிக்கு இதுதான் மருந்து, இதுதான் அளவு என்று இன்னும் யாரும் நிறுவவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூண்டு மாத்திரை, ஜின்செங், கிங்கோ போன்ற மூலிகை மாத்திரைகள் எல்லாம் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டைச் சொல்லவில்லை. டப்பாவில் வரும் மாத்திரைகளைச் சொல்கிறேன். பூண்டு, ஜின்செங் மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்லி 2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது.

நம் மக்கள் இப்படி மூலிகை மருந்து சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்வதில்லை. திட்டுவாரோ என்ற பயம். டாக்டர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்: “நாட்டு மருந்தா?” என்று எரிந்து விழுந்தால் யார் வாய் திறப்பார்கள்? பொறுமையாகக் கேளுங்கள்.

தாய்மார்களே, வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்று முடிவானதுமே, அவர் சாப்பிடும் லேகியம், சூரணம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள். மயக்க மருந்து டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.