மாத்திரையும் குமட்டலும்

காசநோய் மாத்திரை போட்டதும் குமட்டுகிறதா? நிறையப் பேருக்கு அப்படித்தான். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் மருந்து நன்றாக ஏறும். உண்மைதான். ஆனால் வயிறு புரட்டினால், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்று சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். வடை, பஜ்ஜி வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கென்று கடையில் விற்கும் மருந்தைக் கேட்காமல் கூடவே குடிக்காதீர்கள். அது காசநோய் மருந்தைச் சரியாகச் சேரவிடாமல் செய்யலாம்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயப்படாதீர்கள். அது இந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். நிறுத்தாதீர்கள்.

கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ வேறு கதை. கல்லீரல் பாதித்திருக்கலாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.