தஞ்சை வீணை தக்காணம் வரும் வழி



ஆண்டு விழாவில் பேச வருவோர் கம்பன் கவிநயமோ குறளின் பெருமையோ பேசுவது வழக்கம். நாங்களோ லாரியையும் இரயில் பார்சலையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதென்ன விந்தை என்று எண்ணாதீர்கள். பிறந்த ஊரை விட்டு ஐதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில் வீணையோ தம்புராவோ இருக்கிறது. அது ஊரிலிருந்து வந்த கதையைக் கேட்டால், பெருமூச்சுடன்தான் சொல்வார்கள்.

எங்கள் இல்லத்துக் கதையையே கூறுகிறோம். பாட்டியார் வாசித்த வீணையைப் பேத்திக்கென்று தஞ்சையிலிருந்து வரவழைத்தோம். அப்போது சித்திரை மாதம். கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்தால் ஒரு லாரி நிறுவனத்தாரிடம், கோணியில் சுற்றி, மதிப்பும் எழுதாமல் ஒப்படைத்தோம். வந்து சேர்ந்ததும் 'நல்ல நிலையில் பெற்றோம்' என்று கையொப்பமிட்டுவிட்டு, அதன் பிறகே கட்டை அவிழ்த்தோம். யாளி முகம் கழுத்தோடு பிளந்திருந்தது; மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயர்ந்திருந்தன. குற்றம் பாதி அவர்களுடையது, பாதி எங்களுடையது. அன்று மாலை பாட்டியார் தொலைபேசியில், "குழந்தை வாசிப்பதைக் கொஞ்சம் கேட்கலாமா?" என்றார். எங்களுக்கு நா எழவில்லை.

வீணை முரட்டுப் பண்டம் அன்று. பலா மரத்தில் குடைந்த குடம், நீண்ட தண்டி, வளைந்த யாளி முகம் ஆகியவற்றை இணைத்துச் செய்வது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் கடைந்தெடுப்பது ஏகாந்த வீணை. ஒட்டு வீணைக்கு இணைப்புகளே பலவீனமான இடம். 24 மெட்டுகளும் மெழுகின் மேல் அமர்ந்தவை. வெயிலில் மூடிய லாரிக்குள் அம்மெழுகு என்னாகும் என்று சொல்ல வேண்டுமோ? காவிரிக் கரையின் ஈரக் காற்றில் பழகிய மரம், ஏறத்தாழ 1000 கி.மீ. கடந்து, தக்காணத்து வறண்ட மேட்டு நிலத்துக்கு வருகிறது. ஆதலின் கோடையைத் தவிர்த்து, மார்கழி, தை மாதங்களில் அனுப்புவதே நலம்.

அனுப்புமுன் சுரைக்காயைக் கழற்றித் தனியே பொதிய வேண்டும். தந்திகளைச் சிறிது தளர்த்தலாம். முற்றும் தளர்த்தினால் குதிரை சாய்ந்துவிடும். யாளி முகத்தின் கீழும் கழுத்தின் கீழும் மெத்தென்ற தாங்கல் கொடுத்து, உள்ளே அசையாதபடி மரப்பெட்டியில் வைக்க வேண்டும்.

அடுத்து, யாரிடம் ஒப்படைப்பது? கட்டணத்தை முதலில் கேளாதீர்கள். 'வழியில் எத்தனை முறை வண்டி மாற்றுவீர்கள்?' என்று கேளுங்கள். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆபத்து. 'இதற்கு முன் வீணை கொண்டுபோனதுண்டா? பெட்டியின் மேல் வேறு சுமை ஏற்றுவீர்களா? வழிக் காப்பீடு உண்டா?' என்றும் கேளுங்கள். விடையை எழுத்தில் தரத் தயங்குவோரிடம் வீணையைத் தராதீர்கள்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி சரக்கு ஏற்றுவோர் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேதமுற்றால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இரயிலுக்கு 1989-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மதிப்பை எழுதித் தந்து அதற்குரிய சதவீதக் கட்டணமும் செலுத்தினாலன்றி, இழப்பீடு எடைக்கேற்ற சிறு தொகையோடு நின்றுவிடும். பெட்டி உடைந்து வந்தால், அலுவலர் முன்னிலையில் திறந்து காட்டித் தரும்படி கேட்கும் உரிமை நமக்குண்டு. ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் இழப்பீடு கோர வேண்டும். இரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வு ஒன்று நம் சிகந்தராபாத்திலேயே இருக்கிறது. எவ்வழியாயினும், பெட்டியைத் திறந்து பாராமல் கையொப்பமிடலாகாது. அந்த ஒரு கையொப்பமே எங்கள் வாயை அடைத்தது.

அந்த வீணை இன்று மீண்டும் ஒலிக்கிறது. கைதேர்ந்த ஆசாரி ஒருவர் பிளவை ஒட்டி, புதிதாக மேளம் கட்டித் தந்தார். பேத்தி வாசிக்கப் பாட்டியார் கேட்டார். "குரல் கொஞ்சம் மாறியிருக்கிறதே" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் குரலை எந்த இழப்பீடு திருப்பித் தரும்?

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பஞ்சு மெத்தை வைத்த உறுதியான மரப்பெட்டி ஒன்றைச் சங்கத்தின் பொதுச் செலவில் செய்து வைப்போம். வேண்டுவோர் பெற்றுச் சென்று திருப்பித் தரட்டும். மொழியை ஊர் கடந்து கொண்டுவந்த நாம், இசையையும் பழுதின்றிக் கொண்டுவந்து சேர்ப்போமாக.