ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினீயரைப் பேசக் கூப்பிட்டா காய்ச்சலைப் பத்திப் பேசுறானே" என்று நினைத்துவிடாதீர்கள். இது பாவூர்சத்திரத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

ஒரு கார்த்திகை மாதம் என் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். கத்தரித் தோட்டமும் இரண்டு மாடும் வைத்திருப்பவர். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. மருத்துவமனையில் சேர்த்து, தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து டிரிப் ஏற்றினார்கள். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். இவருக்கு ஒன்பதாம் நாளும் இறங்கவில்லை. மூச்சும் வாங்க ஆரம்பித்தது. பெரியம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். இடது அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. வலி இல்லாததால் பெரியப்பாவுக்கே தெரியாது. "டெங்கு வந்தது நிஜம்தான். கூடவே உண்ணிக் காய்ச்சலும் இருக்கு" என்றார் டாக்டர். அன்றே டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

ஸ்க்ரப் டைபஸைத்தான் நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். உண்மையில் அதைப் பரப்புவது மாட்டு உண்ணி அல்ல. அதற்கு உறவான, ஊசிமுனை அளவுள்ள ஒரு பூச்சியின் குஞ்சு. எலி நடமாடும் புதர், புல்வெளி, வரப்பு ஆகியவைதான் அதன் இருப்பிடம். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் நோய் அதிகம். டெங்குவும் அதே பருவத்தில்தான். ஆகவே ஒரே ஆளை இரண்டும் பிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. டெங்கு வைரஸுக்குத் தனி மருந்து கிடையாது. உண்ணிக் காய்ச்சலுக்கோ உண்டு. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும். நோய் முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது.

அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கனெக்டிகட் பக்கம் மான் உண்ணி ஒன்றே லைம் நோய்க் கிருமியையும் பபீசியா ஒட்டுண்ணியையும் ஒரே கடியில் ஏற்றிவிடக்கூடும். லைம் நோய்க்கு டாக்சிசைக்ளின் கேட்கும். ரத்தச் சிவப்பணுவில் குடியிருக்கும் பபீசியாவுக்குக் கேட்காது. ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றது உள்ளேயே இருக்கும்.

வீடு திரும்பிய பெரியப்பா சொன்னார்: "ஏலே, அன்னைக்கு நம்ம கிணத்து மோட்டார்லயும் இப்படித்தானல?" உண்மைதான். ஸ்டார்ட்டர் காண்டாக்ட் கருகியிருந்ததைக் கண்டு, மாற்றிவிட்டு, பெருமையாக வந்தவன் நான். மறுநாளும் மோட்டார் ட்ரிப் ஆனது, பேரிங்கும் போயிருந்தது. ஒரு கோளாறு கிடைத்ததும் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். முதலில் பார்த்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்காகக் காய்ச்சல் என்றதும் எல்லாப் பரிசோதனையும் எடுங்கள் என்று சொல்லவில்லை. சில பரிசோதனைகள் இல்லாத நோயையும் இருப்பதாகக் காட்டிவிடும். நீங்களாக மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம். காய்ச்சல் ஒரு வாரம் தாண்டினால், "வேறொன்றும் கூட இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். வயல்வேலை செய்ததைச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு இன்றிரவே போன் போட்டு இதைச் சொன்னால், நான் பேசியதற்குப் பலன் கிடைத்துவிடும்.